இரைச்சலை மூழ்கடிக்காதீர்கள், பக்கத்தில் ஒரு சத்தத்தை வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். பதினாறு வயதில் தறிக்கூடத்துக்குள் வந்தவன். ஒன்றரை வருடமாக இரண்டு காதிலும் ‘ஙொய்’யென்று ஒரு சத்தம். இடது காதில் கொஞ்சம் அதிகம். பகலில் தறி ஓடும்போது தெரிவதில்லை. ராத்திரி படுத்தால் சில்வண்டு கத்துகிற மாதிரி ஆரம்பித்துவிடும். மாதம் ஒருநாள் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். காது டாக்டரிடம் காட்டினேன். டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, “நரம்பு வீக் ஆகிடுச்சு, இதோட வாழப் பழகிக்கோங்க” என்று அனுப்பிவிட்டார். பையன் செல்போனில் மழைச் சத்தம் போட்டுக் கொடுத்தான். இயர்போன் மாட்டி, காதுச் சத்தம் சுத்தமாகக் கேட்காத அளவுக்கு முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். தூக்கம் வருகிறது. ஆனால் காலையில் கழற்றினால் முன்பைவிட ஜாஸ்தியாகக் கேட்கிறது. இயர்போன் இல்லாமல் போட்டால் வீட்டுக்காரம்மாவுக்குத் தூக்கம் கெடுகிறது. நான் செய்வது சரியா? செவிடாகிவிடுவேனா? சில ராத்திரி வாழ்க்கையே வெறுத்துப் போகிறது, டாக்டரம்மா.

பதில்:

வணக்கம். முதலில் ஒரு சின்னத் திருத்தம். நான் மருத்துவர் இல்லை, ஆடியாலஜிஸ்ட். கேட்கும் திறனைச் சோதிப்பதும், காது கருவி பொருத்துவதும், காதிரைச்சலோடு வருபவர்களுக்கு வழி சொல்வதும்தான் என் வேலை. மருந்து, ஸ்கேன் என்று வருகிற இடத்தில் உங்களை ஈஎன்டி மருத்துவரிடம்தான் திருப்பி அனுப்புவேன்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை சரியானது. உங்கள் பையன் கெட்டிக்காரர். ஆனால் வைக்கும் அளவு தவறு, இயர்போனும் தவறு. இன்று ராத்திரியே அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

செல்போனை முழுச் சத்தத்தில் வைத்தால் பல இயர்போன்களில் 100 டெசிபெல்லைத் தொட்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, 80 டெசிபெல் சத்தத்தை ஒரு வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபெல் என்றால் வாரத்துக்கே 20 நிமிஷம்தான். நீங்கள் ஒரு ராத்திரியில் ஆறு மணி நேரம் கேட்கிறீர்கள். பகல் முழுக்கத் தறிச் சத்தத்தில் அடிபட்ட காதுக்கு ஓய்வு கிடைப்பதே ராத்திரியில்தான். அதையும் மழை என்ற பெயரில் பறித்துவிடுகிறீர்கள். காலையில் இயர்போனைக் கழற்றும்போது காது களைத்துப்போய், கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிக் கிடக்கும். வெளிச் சத்தம் குறைவாக வந்தால் உள் சத்தம் கூடுதலாகத் தெரியும். ‘முன்பைவிட ஜாஸ்தி’ என்று நீங்கள் சொல்வது இதைத்தான். அது மனப்பிரமை இல்லை. உங்கள் காது உங்களிடம் முறையிடுகிறது.

சரி, இந்தச் சத்தம் எங்கிருந்துதான் வருகிறது? காதின் உட்பகுதியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மெல்லிய மயிர் செல்கள். ஒலியை நரம்புக்கான செய்தியாக மாற்றுவது அவற்றின் வேலை. விசைத்தறிக் கூடத்தின் சத்தம் சாதாரணமாக 90 டெசிபெல்லைத் தாண்டும். தறி நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து அடித்து, முப்பத்தாறு வருஷத்தில் அந்தச் செல்களில் ஒரு பகுதியைத் தேய்த்துவிட்டது. முதலில் போவது பெரும்பாலும் கீச்சுக் குரல் பகுதி, 4000 ஹெர்ட்ஸ் என்ற சுருதி உயரத்தின் பக்கம். போன செல் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. அந்தப் பகுதியிலிருந்து செய்தி வராமல் போனதும் மூளை சும்மா இருப்பதில்லை. ஸ்டேஷன் சரியாக எடுக்காத ரேடியோவில் நாம் வால்யூமைத் திருகித் திருகி வைப்போமே, அதைப்போலத் தன் பங்குக்குத் திருகுகிறது. ஸ்டேஷன் வராது, இரைச்சல்தான் கூடும். உங்கள் சில்வண்டு அங்கேதான் பிறக்கிறது. காது எந்த உயரத்தில் கேட்காமல் போனதோ, பெரும்பாலும் அந்த உயரத்திலேயே இரைச்சலும் இருக்கும்.

இது உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரமும் இல்லை. 2022-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, உலகத்தில் பெரியவர்களில் 14 சதவீதம் பேருக்கு, அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, காதிரைச்சல் உண்டு என்று கணக்கிட்டது. கடுமையாக அவதிப்படுபவர்கள் சுமார் 12 கோடி. அதற்கும் வெகு முன்னால், 1953-ல், ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒருவர் ஒருவராகச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் தங்களுக்கு ஏதோ சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். முழு அமைதி என்று ஒன்று மூளைக்குக் கிடைத்தால், அது உள்ளேயே சத்தத்தைத் தேட ஆரம்பித்துவிடும். மின்தடை நாளில் தறியும் நின்று, ஃபேனும் நின்று, நீங்கள் துடித்துப்போவது இதனால்தான். மார்கழியில் குளிருக்காக ஃபேனை நிறுத்திய பிறகுதான் தனக்குக் காதிரைச்சல் இருப்பதையே கண்டுபிடித்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சோதனை அறையில், நோயாளியின் இரைச்சல் எந்த உயரத்தில், எவ்வளவு சத்தத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து ஒரு ஒலியைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். லாரி ஏர்ஹாரன் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர், நான் ஒலியை மெல்ல ஏற்றிக்கொண்டே போனபோது ஓர் இடத்தில் கையைத் தூக்கி, “இதுதான், இதேதான்” என்றார். அவருக்குக் கேட்கத் தொடங்கும் அளவிலிருந்து அது வெறும் 8 டெசிபெல் மேலே. கிசுகிசுப்புக்கும் கீழே. அவருக்கு முகம் சுருங்கிப் போனது. தான் பொய் சொன்னதாக நான் நினைப்பேனோ என்று பயந்துவிட்டார். அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் 5 முதல் 10 டெசிபெல்தான் வரும். பட்ட துன்பம் அத்தனையும் நிஜம். ஆனால் அது சத்தத்தின் அளவிலிருந்து வருவதில்லை. மூளை அதை ஆபத்து என்று குறித்துக்கொண்டு ராத்திரி பகலாகக் காவல் காக்கிறது. அந்தக் காவலில்தான் உடம்பும் மனசும் நொந்துபோகின்றன.

காவல் காப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபது தறி ஓடுகிற கூடத்தில் ஒரு தறியில் பாவு நூல் அறுந்தால், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை விட்டுவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவீர்கள். வெளியாளுக்கு எல்லாம் ஒரே சத்தம். உங்கள் மூளை அவ்வளவு இரைச்சலிலும் தனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துவிடுகிறது. இப்போது அதே மூளை, வேண்டாத ஒன்றை அதே அக்கறையோடு பொறுக்கிக்கொண்டிருக்கிறது.

பதினாறு வயதில் முதல்முதலாகக் கூடத்துக்குள் வந்த வாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தலை வலித்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் தறி காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். ஒரு மாதம், இரண்டு மாதம். அப்புறம்? கூடத்தை ஒட்டிய அறையில், நைட் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்க, நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். தறி நின்றால்தான் விழிப்பு வரும். எங்கள் ஊர்ப் பக்கம் தறிக்குடும்பத்தில் பிறந்த குழந்தைகூட அப்படித்தான் தூங்குகிறது. சத்தம் அப்போது குறைந்துவிடவில்லை. ‘இதில் எனக்கு ஆபத்து ஒன்றுமில்லை’ என்று மூளை முடிவு செய்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் மருத்துவர் ‘பழகிக்கோங்க’ என்று சொன்னது ஒரு வகையில் சரியான சொல். எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் அனுப்பியதுதான் எனக்கு வருத்தம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்து வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பழகுவதற்கு வழி இருக்கிறது. பின்னணிச் சத்தம் அந்த வழியில் உதவுகிற ஒரு கைத்தடி.

இந்தக் கைத்தடியைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1970-களில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் ஜாக் வெர்னன் என்ற செவித்திறன் ஆய்வாளர் இருந்தார். காதிரைச்சலால் அவதிப்பட்ட சார்லஸ் யூனிஸ் என்ற மருத்துவர் அவரைப் பார்க்க வந்தார். இருவரும் நடந்து போகும் வழியில் லவ்ஜாய் நீரூற்று என்ற ஒரு பெரிய நீரூற்று. அதன் பக்கத்தில் போனதும் யூனிஸ் நின்றுவிட்டார். நகர மனமில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவருடைய இரைச்சல் அவருக்குக் கேட்கவில்லை. அதிலிருந்துதான், காதில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிக் கருவிகளால் இரைச்சலை மறைக்கும் முறையை வெர்னன் வளர்த்தெடுத்தார். உங்களுக்குப் பவானி ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. கொடிவேரி அணையில் தண்ணீர் விழும் இடத்தில் நின்று பார்த்திருந்தால் யூனிஸுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கே புரியும்.

மறைத்தால் நிம்மதிதான். ஆனால் நீரூற்றை விட்டு நகர்ந்ததும் இரைச்சல் திரும்பி வந்துவிடும். சிலருக்கு மட்டும் வெளிச் சத்தம் நின்ற பிறகும் சில விநாடிகளோ, ஓரிரு நிமிஷங்களோ இரைச்சல் அடங்கியே இருக்கும். 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற நரம்பியல் ஆய்வாளரும், ஹேசல் என்ற லண்டன் காது மருத்துவரும் வேறு ஒரு கோணத்தைச் சொன்னார்கள்: முழுக்க மறைத்துவிட்டால் மூளை அதற்குப் பழகவே பழகாது, கேட்காத ஒன்றுக்கு எப்படிப் பழக முடியும்? பின்னணிச் சத்தம் இரைச்சலைவிடக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தே கேட்க வேண்டும் என்றார்கள். கரண்ட் போன ராத்திரியில் ஏற்றிய சிம்னி விளக்கு கண்ணைப் பறிக்கும். அதே விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. நமக்கு வேண்டியது அந்தப் பகல் வெளிச்சம்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு சின்ன ஸ்பீக்கரையோ, செல்போனையோ தலைமாட்டிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு, சத்தத்தை அடியிலிருந்து மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். முதலில் ‘ஙொய்’ மட்டும் கேட்கும். பிறகு அதன் பின்னால் எங்கோ மழை தூறுவது போல ஒன்று தெரியும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்கத் தொடங்கும், ஓரம் மழுங்கும். ஆனால் தேடிப் பார்த்தால் உங்கள் சில்வண்டு அங்கேயே இருக்கும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம். பக்கத்தில் படுத்திருக்கும் உங்கள் மனைவி மெதுவாக ஒரு வார்த்தை பேசினால் உங்களுக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் சத்தம் அதிகம்.

முதல் சில ராத்திரி ஏமாற்றமாகத்தான் இருக்கும். முழுக்க மூடிப் படுத்துப் பழகியவருக்கு இது பாதி வேலை போலத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பதினைந்து நாள் பாருங்கள்.

எந்தச் சத்தம் நல்லது என்று எல்லோரும் கேட்பார்கள். எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்று கிடையாது. ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே சீராக, மனசை எந்தப் பக்கமும் இழுக்காததாக இருந்தால் போதும். மழைச் சத்தம் என்றால் இடி இல்லாத மழை. ‘வெள்ளை இரைச்சல்’ என்று சொல்வது எல்லா உயரத்திலும் ஒரே அளவு சக்தி உள்ள ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம். அது சிலருக்குக் கூர்மையாக உறுத்தும். அவர்களுக்கு ‘பிங்க்’, ‘பிரவுன்’ என்ற பெயரில் கிடைக்கும், கனத்த அருவி போன்ற சத்தங்கள் இதமாக இருக்கும். பாட்டும் பேச்சும் பகலில் போடலாம், தூங்கும்போது வேண்டாம். வார்த்தை காதில் விழுந்தால் மூளை அர்த்தம் தேடக் கிளம்பிவிடும்.

யூடியூபில் போடுகிறீர்கள் என்றால் ஒரு தொல்லை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மழைக்கு நடுவே ஒரு விளம்பரம் கத்தும். தூக்கிவாரிப் போட்டு எழுந்தால் அப்புறம் விடியும் வரை தூக்கம் வராது. பையனிடம் சொல்லி, நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு கோப்பைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பரணில் பழைய எஃப்எம் ரேடியோ கிடக்கிறதா பாருங்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் முள்ளை நிறுத்தினால் வருகிற ‘ஷ்ஷ்ஷ்’ அருமையான பின்னணிச் சத்தம், காசு செலவில்லை. டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாலும் வேலை நடக்கும். குளிர்காலத்தில் காற்று உங்கள் மேல் படாது, சத்தம் மட்டும் இருக்கும். மின்தடை நாளுக்கு, சார்ஜ் ஏற்றிய சின்ன ஸ்பீக்கர் ஒன்றை முதல் நாளே தயாராக வைத்துவிடுங்கள்.

உங்கள் மனைவியின் தூக்கமும் முக்கியம். அவருக்குத் தொந்தரவாக இருந்தது, இயர்போனில் இருந்த அதே அளவுச் சத்தத்தை அறையில் வைத்ததால் இருக்கலாம். நான் சொன்ன அளவில் வைத்தால் ஃபேன் சத்தத்துக்கு மேல் போகாது. அப்படியும் முடியவில்லை என்றால், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் தட்டையான ஸ்பீக்கர் ஆன்லைனில் கிடைக்கிறது. உங்களுக்கு மட்டும் கேட்கும். எந்தச் சத்தம் வைப்பது என்று அவரையும் கேட்டு இருவருமாகத் தேர்ந்தெடுங்கள். இந்த இரைச்சல் வெளியே தெரியாத வியாதி. கூட இருப்பவர்களுக்கு இது என்னவென்று சொல்லாவிட்டால், ‘சும்மா எதையாவது நினைச்சுக்கிட்டுக் கிடக்கிறார்’ என்று தோன்றிவிடும். இந்தப் பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ராத்திரிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தறி நின்ற பிறகு, சாயந்திரம் வீட்டில் அமைதியாக உட்காரும் நேரத்திலும் ஏதாவது ஒன்று மெல்லிதாக ஓடிக்கொண்டிருக்கட்டும். காலையில் எழுந்ததும் ‘இருக்கிறதா, போய்விட்டதா, நேற்றைவிட அதிகமா’ என்று காதுக்குள் தேடுவீர்கள். எல்லோரும் செய்வார்கள். தேடத் தேட மூளை அதை முக்கியமானது என்றே எடுத்துக்கொள்ளும். தேடுகிறோம் என்று தெரிந்ததும் எழுந்து போய் ஒரு வேலையைப் பாருங்கள். மாற்றம் தெரிய மாதக்கணக்கில் ஆகும். இரைச்சல் நின்றுபோகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ‘அட, இன்றைக்கு மத்தியானம் வரை அதை நினைக்கவே இல்லையே’ என்று ஒருநாள் உங்களுக்கே தோன்றும். நான் எதிர்பார்ப்பது அந்த நாளைத்தான்.

இதில் ஒளிவு மறைவு இல்லாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒலிச் சிகிச்சை மற்ற வழிகளைவிட மேலானது என்று ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2018-ல் செய்த தொகுப்பாய்வு, காது கருவி வைத்தவர்களுக்கும் ஒலிக் கருவி வைத்தவர்களுக்கும் துன்பம் குறைந்ததைப் பார்த்தது. ஆனால் ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. அதே அமைப்பு 2020-ல் 28 ஆய்வுகளை, 2,733 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, காதிரைச்சலால் வாழ்க்கைக்கு வரும் பாதிப்பைக் குறைக்கிறது என்று தெரிந்தது. அது மருந்து இல்லை. பேச்சும் பயிற்சியும். ‘ராத்திரி பூரா இப்படித்தான் இருக்கும், நாளைக்குத் தறி ஓட்ட முடியாது’ என்று ஓடுகிற எண்ணத்தைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பார்கள். உளவியல் நிபுணர்கள் செய்வார்கள். பின்னணிச் சத்தத்தோடு இதுவும் சேர்ந்தால் நல்லது.

‘வாழ்க்கையே வெறுத்துப் போகிறது’ என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் தாண்டிப் போக விரும்பவில்லை. தூக்கம் கெட்ட மனிதனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாமே முடிந்துபோனது போலத் தெரியும். அந்த நேரத்தில் தனியாகக் கிடக்காதீர்கள். மனைவியை எழுப்புங்கள், திட்டமாட்டார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

செவிடாகிவிடுவீர்களா? காதுக்குள் கேட்கும் இந்த இரைச்சலால் யாருக்கும் காது போவதில்லை. காது கொஞ்சம் போனதால் இரைச்சல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இனிமேலும் போகாமல் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. கூடத்துக்குள் கால் வைக்கும்போது காதடைப்பான் போடுங்கள். பஞ்சை உருட்டிக் காதில் திணித்துக்கொள்வது நம் பக்கம் வழக்கம். அதனால் பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. மருந்துக் கடையிலோ, பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையிலோ ஃபோம் காதடைப்பான் விலை குறைவாகவே கிடைக்கும். விரலில் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் விரலால் அழுத்தி வையுங்கள். பாதி வெளியே தொங்கினால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். உங்கள் பையனும் கூடத்தில் நிற்கிறார் என்றால் அவருக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள். வேலையாட்களுக்கும்தான்.

ஆனால் கூடத்தை விட்டு வந்ததும் கழற்றிவிடுங்கள். காதிரைச்சல் வந்தவர்கள் சத்தத்துக்குப் பயந்து வீட்டிலும் காதை அடைத்துக்கொண்டு திரிவார்கள். அது நேர் எதிர் வேலை செய்யும். நன்றாகக் காது கேட்கும் 18 பேரை ஒரு வாரம் ஒரு காதை மட்டும் அடைத்துக்கொண்டே இருக்கச் சொன்னது ஓர் ஆய்வு. அவர்களில் 14 பேருக்கு, வெளியில் இல்லாத ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடைப்பை எடுத்ததும் போய்விட்டது.

காது கருவி பற்றியும் யோசிக்க வேண்டும். நாலு பேர் பேசும் இடத்தில் உங்களுக்கு வார்த்தை நழுவுகிறதா? டிவி சத்தத்தை வீட்டில் குறைக்கச் சொல்கிறார்களா? அப்படியென்றால் கேட்கும் குறைக்குக் கருவி வைப்பதே இரைச்சலுக்கும் நல்ல மருந்தாகலாம். இத்தனை நாள் வராமலிருந்த மெல்லிய சத்தங்கள், தட்டு வைக்கும் ஒலி, வாசல் வேப்பமரத்தில் காற்று, உள்ளே வரத் தொடங்கும். மூளைக்குத் தேடுவதற்கு வேறு விஷயம் கிடைக்கும். என்னிடம் வரும் தறிக்காரர்களில் பலருக்குத் தனியாக ஒலிக் கருவி வாங்கச் சொல்லும் முன் இதைத்தான் சொல்வேன்.

இடது காதில் கொஞ்சம் அதிகம் என்கிறீர்கள். இரண்டு காதுக்கும் கேட்கும் திறனில் நல்ல வித்தியாசம் இருந்தால் அதை ஈஎன்டி மருத்துவர் இன்னொரு முறை பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. செவி நரம்பில் சில பேருக்குப் புற்று அல்லாத ஒரு சாதாக் கட்டி வரும், உங்களுக்கு அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். தவிர, திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’பென்று அடித்தாலோ, தலை சுற்றினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, நாளை என்று தள்ளிப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை யாராவது ஊற்றச் சொல்லியிருப்பார்கள். ஊற்றாதீர்கள். தேய்ந்துபோன இடத்துக்கு அது போய்ச் சேராது, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். காதுக் குறும்பி அடைத்திருந்தால் மருத்துவர் எடுத்துவிடுவார், சிலருக்கு அதோடு இரைச்சலும் குறையும். ஜிங்கோ என்ற மூலிகை, துத்தநாக மாத்திரை என்று விளம்பரம் வருகிறதே, அவற்றைக் காதிரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க ஈஎன்டி மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே வழிகாட்டி வெளியிட்டது. அந்தப் பணத்தில் காதடைப்பான் வாங்குங்கள்.

ஏற்கெனவே எடுத்த ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் சோதனைத் தாள், வீட்டில்தான் இருக்கும், தேடிப் பாருங்கள். வலது காதுக்குச் சிவப்பில் வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு கோடுகள் இறங்கியிருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுத்து அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். கோடு எங்கே சரிகிறது, இரண்டு காதுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவிட்டுக் கருவி பற்றியும் எம்ஆர்ஐ பற்றியும் எழுதுகிறேன். அதுவரை மழை ஓடட்டும், மூன்றடி தள்ளி, மெல்லிசாக.